குனிந்த முதுகின் கணக்கு

ஒரு மனிதர் எவ்வளவு எடையைத் தூக்கலாம், எவ்வளவு தூரம் சுமக்கலாம் என்ற கேள்வி பார்வைக்கு எளியது. ஒரு தராசும் ஒரு சட்டப் புத்தகமும் கையிலிருந்தால் விடை சொல்லிவிடலாம் என்றே தோன்றும். ஆனால் இக்கேள்வியின் வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்தால், அதனுள் மூன்று வெவ்வேறு கேள்விகள் அடங்கியிருப்பதைக் காண்கிறோம். சுமப்பவர் யார்? சுமை எவ்வளவு? சுமக்கும் உடல் எந்நிலையில் இருக்கிறது? முதற்கேள்வியைச் சட்டம் 1842இல் கேட்டது. இரண்டாவதற்கு உலக நாடுகள் 1967இல் ஓர் எண்ணைச் சொல்லின. மூன்றாவதற்கு இன்றளவும் முழுமையான விடையில்லை.

இம்மூன்றையும் ஒருங்கே காண நிலக்கரிச் சுரங்கத்தைப்போல் பொருத்தமான இடம் வேறில்லை. வயலில் குனிபவர் நிமிரலாம். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர் கால்மாற்றி நிற்கலாம். கூரை மூன்றடி உயரத்தில் நிற்கும் சுரங்கத்தில் நிமிர்வதென்பதே இல்லை. நிலக்கரிப் படிவு எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் மனிதருக்கும் உயரம். கரியில்லாத பாறையைக் குடைந்து கூரையை உயர்த்தினால் யாருக்கும் காசு வராது. ஆகவே உடல்தான் வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது.

*

விந்தை என்னவெனில், கடைசிக் கேள்வியே முதலில் கேட்கப்பட்டது. இத்தாலியின் மொடெனா நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்டினோ ரமாட்சினி, தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றிய தம் லத்தீன் நூலை 1700இல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். தொழிலிலிருந்து பிறக்கும் நோய்களுக்கு இரண்டு பெருங்காரணங்களை அவர் வகுத்தார். ஒன்று, கையாளும் பொருள்களின் நச்சுத்தன்மை. மற்றொன்று, முறையற்ற கடும் அசைவுகளும் இயல்புக்கு மாறான உடல்நிலைகளும். சுமைதூக்குவோருக்கென்றே தனி அத்தியாயமும் எழுதினார். எடை மட்டுமே தீங்கன்று, உடல் நிற்கும் விதமும் தீங்கு என்ற அறிவு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிவிட்டது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிவியலாளர் கூலோம் மனித உழைப்பை அளக்க முற்பட்டார். மின்னூட்டத்தின் அலகுக்குத் தம் பெயரைத் தந்த அதே கூலோம்தான். ஒரு நாளின் களைப்புக்கு ஈடாக ஒரு மனிதரிடமிருந்து மிகுதியான வேலையைப் பெறுவது எப்படி என்பது அவர் கேள்வி. சுமை மிகக் குறைந்தால் நடை வீணாகிறது; மிக அதிகமானால் நடையே நின்றுவிடுகிறது; இடையில் ஓரிடத்தில் உச்சம் இருக்கிறது. மனிதரை இயந்திரமாகப் பாவித்த கணக்கு இது. ஆயினும் இயந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. சுரங்கங்களில் அந்த ஒப்புதல்கூட இருக்கவில்லை.

*

ஸ்காட்லாந்தின் கதை தனித்தன்மை வாய்ந்தது. 1606இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று சுரங்கத் தொழிலாளரை அவர்தம் முதலாளியோடு பிணைத்தது. முதலாளியின் அனுமதிச் சீட்டின்றி வேறிடம் போக இயலாது. 1775, 1799 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால்தான் இந்த அடிமைத்தளை அறுந்தது. தளை அறுந்தபின்னும் அதன் பழக்கம் அறவில்லை. கணவர் கரியை வெட்டுவார்; மனைவியும் மகள்களும் அதை முதுகில் சுமந்து மேலே கொண்டுவருவார்கள். 'சுமப்பவர்கள்' என்பதே அப்பெண்களின் தொழிற்பெயர்.

சுரங்கப் பொறியாளரான ராபர்ட் பால்ட் 1808இல் ஸ்காட்லாந்தின் நிலக்கரி வணிகத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் இறுதியில் இப்பெண்களின் நிலை குறித்துத் தனியே ஓர் ஆய்வையும் இணைத்தார். ஒரு பொறியாளருக்குரிய முறையில் அவர் எண்களையே பேசவிடுகிறார். ஒரு நடைக்கு 170 பவுண்டு, அதாவது 77 கிலோ. நாளொன்றுக்கு 24 நடைகள். மொத்தம் 4,080 பவுண்டு. ஏறத்தாழ 1,850 கிலோ. சரிவான சுரங்கப்பாதையில் ஏறி, பின் படிக்கட்டுகளில் ஏறி, வெளியே குவியலில் கொட்டிவிட்டு மீண்டும் இறங்க வேண்டும். தாய் முன்னே செல்வாள். வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவத்தியைப் பற்களில் கடித்திருப்பாள். மகள்கள் பின்னே வருவார்கள். நாட்கூலி எட்டுப் பென்னி.

பால்டின் குறிப்பில் ஒரு சிறு விவரம் நம் கவனத்துக்குரியது. கூடை நிரம்பியதும் அதைப் பெண்ணின் முதுகில் ஏற்றிவிட இரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள். தூக்கிவிட இருவர் வேண்டும் சுமையைச் சுமக்க ஒருத்தி போதும் என்பது அன்றைய கணக்கு.

பால்டின் நூல் வந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓடின. 1840இல் ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் குழந்தைத் தொழிலாளரைப் பற்றி விசாரிக்க ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. சுரங்கங்களைப் பற்றிய அதன் முதல் அறிக்கை 1842 மே மாதம் வெளிவந்தது. அரசு அறிக்கைகளில் அதுவரை வழக்கமில்லாத வகையில் அதில் படங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. படிக்க நேரமில்லாத நாடாளுமன்ற உறுப்பினரும் படத்தைப் பார்ப்பார் அல்லவா?

கிழக்கு ஸ்காட்லாந்தை விசாரித்த துணை ஆணையர் ராபர்ட் பிராங்க்ஸ். பெண்கள் சுமந்த கூடையின் வடிவத்தை அவர் நுணுகி விவரிக்கிறார். கழுத்துப் பக்கம் தட்டையாக்கிய சிப்பியைப் போன்ற கூடை. பெரிய கரிக்கட்டிகள் பிடரியிலும் தோளிலும் தங்குவதற்கேற்ற அமைப்பு. கூடையின் வார்கள் நெற்றியில் மாட்டப்படும். உடல் அரைவட்டமாக வளையும். வளைவு இறுகினால்தான் சுமை நிற்கும். கல்லால் கட்டிய வளைவைப் பற்றி ஒரு கட்டடக்காரர் பேசுவது போலிருக்கிறது இவ்விவரணை. ஏணியில் ஏறும்போது வார் அறுந்தால் கரி முழுவதும் பின்னால் ஏறிவரும் பெண்கள்மேல் விழும்.

சாட்சியம் அளித்தவர்களுள் எலிசன் ஜாக் என்ற பதினோரு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அதிகாலை இரண்டு மணிக்குத் தந்தையோடு இறங்கி, மறுநாள் நண்பகல் கடந்தபின் மேலே வருவதாகச் சொன்னாள். நான்கு ஏணிகள் ஏறினால்தான் முதன்மைப் பாதை. அங்கே நிற்கும் தொட்டிகளை நிரப்ப வேண்டும். ஒரு தொட்டிக்கு நாலேகால் ஹண்ட்ரட்வெயிட். ஐந்து தொட்டிகளை இருபது நடைகளில் நிரப்புவதாக அவள் கூறினாள். அறிக்கை இதற்குமேல் கணக்குப் போடவில்லை. நாம் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹண்ட்ரட்வெயிட் 50.8 கிலோ. ஐந்து தொட்டிகளுக்கு 1,080 கிலோ. இருபதால் வகுத்தால் நடையொன்றுக்கு 54 கிலோ. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். சற்றுப் பின்னர் இதைத் தேடி வரவேண்டியிருக்கும்.

பிரிட்டனின் பிற பகுதிகளில் கரியை முதுகில் சுமக்காமல் சிறு வண்டிகளில் இழுத்தார்கள். ஹாலிபாக்ஸ் அருகே பேஷன்ஸ் கெர்ஷா என்ற பதினேழு வயதுப் பெண் மூன்று ஹண்ட்ரட்வெயிட் வண்டியை நாளொன்றுக்குப் பதினொரு முறை தள்ளினாள். குனிந்து தலையால் முட்டித் தள்ளியதில் உச்சந்தலையில் முடி உதிர்ந்து வழுக்கை விழுந்திருந்தது. லங்காஷயரில் பெட்டி ஹாரிஸ் என்ற முப்பத்தேழு வயதுப் பெண் இடுப்பில் வாரும் கால்களுக்கிடையே சங்கிலியுமாகக் கைகால்களை ஊன்றித் தவழ்ந்து வண்டியை இழுத்தார். கருவுற்றிருந்த காலத்திலும் அவ்வாறே இழுத்ததாகச் சொன்னார்.

அறிக்கை நாட்டை உலுக்கியது உண்மை. ஆனால் எதைக் கண்டு உலுங்கியது என்று கேட்க வேண்டும். இருளில் ஆண்களும் பெண்களும் அரைகுறை ஆடையோடு அருகருகே வேலை செய்கிறார்கள் என்பதே மேடைகளிலும் இதழ்களிலும் பெரிதாகப் பேசப்பட்டது. ஒழுக்கம் கெடுகிறது என்பது முதல் கவலை; முதுகு ஒடிகிறது என்பது அதற்கு அடுத்ததுதான். 1842 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டமும் அவ்வாறே அமைந்தது. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்யலாகாது. அவ்வளவே. எடை பற்றியோ கூரையின் உயரம் பற்றியோ ஒரு வரிகூட அதில் இல்லை. பதினோரு வயதுப் பையன் அதே ஏணியில் அதே சுமையோடு ஏறுவதை அச்சட்டம் தடுக்கவில்லை.

விலக்கப்பட்ட பெண்களுக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை. கூலி போனது, குடும்பத்தின் வருவாய் குறைந்தது. சிலர் ஆண்வேடமிட்டுக்கொண்டு மீண்டும் இறங்கினார்கள். இதைப் படிக்கையில் நமக்கு ஒரு தடுமாற்றம் உண்டாகிறது. அச்சட்டம் வேண்டாத சட்டமன்று. ஆனால் சுமையை மாற்றாமல் சுமப்பவரை மாற்றும் சட்டம், காப்பாற்ற வந்தவர்களிடமே அதன் விலையை வாங்கிக்கொள்கிறது.

ஸ்காட்லாந்தின் சுரங்க மேலாளர் ஒருவர் ஆணையத்திடம் சொன்ன கருத்து இவ்விடத்தில் முக்கியமானது. பெண்களை விலக்கினால் சுரங்கத்தின் அமைப்பையே முதலாளிகள் மாற்றவேண்டி வரும் என்றார் அவர். அதாவது பாதைகள் தாழ்வாகவும் செங்குத்தாகவும் இருந்ததற்கு நிலவியல் மட்டும் காரணமன்று. மலிவான முதுகு கிடைக்கும்வரை பாதையைச் செப்பனிட வேண்டிய தேவை எழவில்லை.

*

சட்டத்துக்குப் பின்னும் ஆண்களின் முதுகுகள் குனிந்தே இருந்தன. இலக்கியம் இதைக் கண்டது. எமிலி ஸோலாவின் 'ஜெர்மினல்' (1885) நாவலில் வண்டி தள்ளும் காத்தரீனை அறியாத வாசகர் அரிது. பிரான்சில் பெண்களுக்கு நிலத்தடி வேலை 1874இல்தான் தடைசெய்யப்பட்டது, நாவலோ அதற்கு முந்தைய காலத்தில் நிகழ்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளியிட்ட 'விகன் பியருக்குப் போகும் சாலை' இன்னும் கூர்மையானது. கரியை வாரிப்போடுபவர்கள் முழுநேரமும் மண்டியிட்டபடி வேலை செய்வதை அவர் கண்டார். நிற்கும்போது தொடையும் இடுப்பும் மண்வெட்டிக்கு உந்துதல் தரும். மண்டியிட்டால் பாரம் முழுவதும் கைக்கும் வயிற்றுக்கும் வந்துவிடுகிறது என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார். வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேரவே நெடுந்தூரம் குனிந்து நடக்க வேண்டும். அந்த நடைக்குக் கூலி கிடையாது. கூரைக் கட்டைகளில் உரசி உரசி முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் காயம் காய்த்திருக்கும். தொழிலாளர் அதற்கு 'முதுகுப் பொத்தான்கள்' என்று பெயரிட்டிருந்தார்கள். மருத்துவ நூலில் இடம்பெறாத நோய்க்கும் தொழிலாளியின் மொழியில் பெயர் இருந்துவிடுகிறது.

*

இரண்டாம் கேள்விக்கு வருவோம். 1967 ஜூனில் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, உச்சபட்ச எடை குறித்த 127ஆம் உடன்படிக்கையை ஏற்றது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ தீங்கிழைக்கக்கூடிய எடையை எத்தொழிலாளியும் சுமக்கும்படி வைக்கலாகாது என்பது அதன் சாரம். உடன்படிக்கையில் எண் இல்லை. உடன்வந்த 128ஆம் பரிந்துரையில்தான் எண் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ. அதற்குமேல் அனுமதித்திருக்கும் நாடுகள் விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். பெண்களுக்கும் இளையோருக்கும் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும்.

நினைவில் வைக்கச் சொன்ன எண்ணை இப்போது எடுத்துக்கொள்வோம். 1967இல் வளர்ந்த ஆணுக்கு உச்சவரம்பு என உலகம் ஒப்புக்கொண்டது 55 கிலோ. 1842இல் பதினோரு வயது எலிசன் ஜாக் ஏணியில் குனிந்தபடி ஏற்றியது 54 கிலோ.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 34ஆம் பிரிவில் இதே கருத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் முன்னதாகவே பொதுவாகச் சொல்லியிருந்தது. எடைகளை வரையறுக்கும் பொறுப்பை மாநில அரசுகளுக்கு விட்டிருந்தது. 127ஆம் உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்பிசைவு செய்தது. உடன்படிக்கை, வேலை நடக்கும் சூழ்நிலைகள் அனைத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. ஆயினும் மக்கள் நினைவில் நின்றது எண் மட்டுமே. எண்ணை மூட்டையின்மேல் அச்சிடலாம். முதுகின் வளைவை எங்கே அச்சிடுவது?

*

அந்த வளைவுக்கும் ஓர் எண் தர முடியும் என்று காட்டியது ஸ்வீடன். 1960களில் ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற எலும்பு மருத்துவர், உயிருள்ள மனிதரின் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கையில் உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், மல்லாந்து படுத்தால் 25, உட்கார்ந்தால் 140, இருபது கிலோவைக் கையில் ஏந்தி முன்குனிந்தால் 220, அதே எடையோடு உட்கார்ந்து முன்குனிந்தால் 275. எடை மாறவில்லை; உடல்நிலை மாறியது; வட்டின்மேல் விழும் பாரம் மாறிவிட்டது.

இதுபோன்ற ஆய்வுகளின் மேல்தான் அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1981இல் தூக்குதலுக்கான ஒரு சூத்திரத்தை வெளியிட்டது. 1991இல் அதைத் திருத்தியது. முதற்சூத்திரம் 40 கிலோவிலிருந்து தொடங்கியது. திருத்திய சூத்திரம் 23 கிலோவிலிருந்து தொடங்குகிறது. இந்த 23 கிலோவும் எல்லாம் சரியாக அமைந்தால்தான்: பொருள் உடலையொட்டி இருக்க வேண்டும், இடுப்பளவு உயரத்தில் இருக்க வேண்டும், உடலைத் திருப்பலாகாது, பிடிக்க நல்ல பிடி வேண்டும், அடிக்கடி தூக்கலாகாது. ஒவ்வொன்று பிசகும்போதும் எடை குறைந்துகொண்டே வரும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். பொருள் உடலிலிருந்து 50 செண்டிமீட்டர் தள்ளி இருக்கிறது: 23 பாதியாகி 11.5 ஆகிறது. தரையிலிருந்து எடுக்க வேண்டும்: 8.9. தூக்கும்போது உடலை 45 பாகை திருப்ப வேண்டும்: 7.6. இடுப்பளவு உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும்: 6.7. கைப்பிடி சரியில்லாத சாக்கு: 6. இருபத்துமூன்று கிலோ ஆறு கிலோவாகிவிட்டது. இன்னும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை என்ற கேள்வியே வரவில்லை. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைத் தரையிலிருந்து எடுத்துத் திரும்பும் தொழிலாளியின் முதுகை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வாசகருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இவ்வளவு நுட்பமான சூத்திரத்திலும் ஒரு விலக்கு இருக்கிறது. மண்டியிட்டுத் தூக்குவோருக்கும், உட்கார்ந்து தூக்குவோருக்கும், நிமிர இடமில்லாத இடுக்கில் தூக்குவோருக்கும் இது பொருந்தாது என்று அதை உருவாக்கியவர்களே நேர்மையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதாவது யாருடைய முதுகிலிருந்து இவ்வரலாறு தொடங்கியதோ அவருக்கு இக்கணக்கில் இடமில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்கள் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் ஆய்வாளர்கள். தாழ்ந்த சுரங்கங்களில் கட்டைகளையும் பாறைத்தூள் மூட்டைகளையும் கனத்த மின்வடங்களையும் கையால்தான் நகர்த்த வேண்டும். குனிந்து தூக்குவதா, மண்டியிட்டுத் தூக்குவதா? 1988இல் ஷான் காலகரும் இருவரும் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. மண்டியிட்டவர்கள் தமக்கு ஏற்புடையதெனத் தேர்ந்த எடை, குனிந்தவர்கள் தேர்ந்த எடையைவிடக் குறைவாக இருந்தது. உடல் செலவிட்ட ஆற்றலோ அதிகமாக இருந்தது. கால்களும் இடுப்பும் உதவாதபோது முதுகுத் தசைகளே முழுப் பாரத்தையும் ஏற்கின்றன என்பது ஆர்வெல் கண்ணால் கண்டதற்கு ஆய்வுக்கூடம் தந்த சான்று. மறுபுறம், குனிந்து தூக்கினால் தசைக்குச் சற்று ஆறுதல். ஆனால் தசைநார்களும் வட்டுகளும் அந்த விலையைக் கொடுக்கின்றன. சுரங்கத் தொழிலாளிக்கு இருந்தது நல்ல நிலைக்கும் தீய நிலைக்கும் இடையிலான தேர்வன்று. மூட்டையைச் சிறிதாக்குவதும் இயந்திரத்தைக் கொண்டுவருவதுமே உண்மையான விடை. அதைத் தேர்வது தொழிலாளியின் கையில் இல்லை.

பிரிட்டனின் 1992ஆம் ஆண்டு விதிகளோடு வந்த வழிகாட்டுதல் ஒருபடி முன்னே சென்றது. இடுப்பளவில் உடலையொட்டித் தூக்கும் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ; உட்கார்ந்தபடி தூக்கினால் 5 கிலோ, 3 கிலோ. ஆனால் இவையும் மேற்கொண்டு ஆராய வேண்டுமா என்று காட்டும் அளவுகோல்களே. சட்ட வரம்புகள் அல்ல. அமெரிக்காவில் 2000 நவம்பரில் வெளியான பணிச்சூழல் விதிகளோ 2001 மார்ச்சில் நாடாளுமன்றத் தீர்மானத்தால் நீக்கப்பட்டன. அறிவு சேர்ந்த வேகத்தில் சட்டம் சேரவில்லை.

*

இவ்விடத்தில் நம்மூர்ச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்களை எண்ணாமலிருக்க இயலவில்லை. இரண்டு செங்குத்துக் கற்கள், மேலே ஒரு குறுக்குக்கல். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்டவை அவை. பிள்ளைச்சுமையை இறக்காமலே போனவளின் ஆறுதலுக்காக வழிப்போக்கரின் சுமையை இறக்கிவைக்க ஓரிடம். அறமாகவும் துயரமாகவும் நாம் அறிந்துள்ள இக்கல்லில் ஒரு தொழில்நுட்ப அறிவும் இருக்கிறது. அதன் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமையைக் குனியாமலே அதன்மேல் தள்ளலாம். இளைப்பாறியபின் யார் துணையுமின்றிச் சும்மாட்டின்மேல் திரும்ப ஏற்றலாம். தரையில் இறக்கினால், தூக்கிவிட இன்னொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். சுமப்பதைவிடத் தரையிலிருந்து எடுப்பதே கொடிது என்ற சூத்திரத்தின் பாடத்தை அந்தக் கல் அறிந்திருந்தது.

லண்டனின் பிக்காடிலி சாலையில் 1861இல் இதற்கு ஒப்பான பலகையொன்று நிறுவப்பட்டது. ஸ்லேனி என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் யோசனைப்படி, சுமைதூக்குவோர் தோளுயரத்தில் பாரத்தை இறக்கி இளைப்பாற. இரண்டு பண்பாடுகள் தனித்தனியே ஒரே உயரத்தைக் கண்டடைந்திருக்கின்றன.

ஆனால் கல்லும் பலகையும் நிற்கும் இடம் சாலை. திறந்த வானத்தின் கீழ், நிமிர்ந்து நடப்பவருக்கானவை. சுரங்கத்தின் மூன்றடிக் கூரையின்கீழ்ச் சுமைதாங்கி நடமுடியாது. சாக்கடைக் குழாய்க்குள்ளும், கப்பலின் அடித்தட்டிலும், விமானத்தின் சரக்கறையிலும் மண்டியிட்டுச் சுமை தள்ளுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை 55 என்பதும் 23 என்பதும் வேறு யாருக்கோ எழுதப்பட்ட எண்கள். ரமாட்சினி மருத்துவர்களுக்குச் சொன்னதைச் சட்டம் இயற்றுவோர்க்கும் சற்று நீட்டிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. எவ்வளவு எடை என்று கேட்பதற்கு முன், அங்கே நிமிர இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.